வெள்ளையம்மாள் ஓட்டியது ஏர் அல்ல

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, ராசிங்காபுரத்துப் பெரியவர்கள் ஐந்து பேர் வேப்பமரத்தடியில் கூடி, ஒரு டிராக்டரை நகர்த்துவதா, நின்ற இடத்திலேயே விட்டுவிடுவதா என்ற பிரச்சினையை மிகுந்த பொறுப்புடன் ஆராய்ந்தார்கள். இரு தரப்பு வாதங்களும் கேட்கப்பட்டன. வெற்றிலைத் தட்டு இரண்டு சுற்று வந்தது. முடிவில், நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் வீட்டுக்குள் கிடத்தப்பட்டிருந்தது இந்தத் தீர்மானத்துக்குப் பெரிதும் உதவியது.

தீர்மானத்தை எனக்குத் தெரிவிக்கப் பண்ணையாள் மாடசாமி போடிக்கு நடந்தே வந்தான். பள்ளிக்கூட வாசலில் என்னைக் கண்டதும், "வாத்தியாரய்யா, வண்டிய நகத்த வேணாம்னு முடிவு பண்ணிட்டாக. நீங்க பொஸ்தகத்தத் தூக்கிக்கிட்டு வர வேணாம். சும்மா வந்தாப் போதும்" என்றான்.

"எந்த வண்டியை?"

"நம்ம வெள்ளையம்மா அக்கா வண்டியத்தான். வாசல மறிச்சுக்கிட்டு நிக்கிதுல்ல. பாடை வெளிய வரணும்ல."

"யாருக்குப் பாடை?"

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அது தெரியாதாக்கும் ஒங்களுக்கு?" என்றான்.

வெள்ளையம்மாள் எப்படிப் போனார் என்று கேட்டேன். மத்தியானம் கம்மங்கூழ் குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்றான். அவரை அறிந்த உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த டிராக்டரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை முழுக்கப் படித்தவன் இந்தத் தாலுகாவில் நான் ஒருவன்தான். ஓட்டுகிறவர் எந்தெந்த விதமாகவெல்லாம் சாகலாம் என்பதை அது படம் போட்டு விளக்கியிருந்தது. கலப்பை பாறையில் மாட்டினால் வண்டி முன்கால் தூக்கிப் பின்னால் கவிழும் என்ற பக்கத்தை நான் அவருக்கு மூன்று முறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். மூன்று முறையும், "சரி, அடுத்த பக்கத்தப் படி" என்றார். இத்தனை வருஷமும் மாடசாமி போன்ற ஒருவன் ஓடி வருவதைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கூழ் குடித்துவிட்டுப் படுத்த சாவைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரி கூட இல்லை.

டிராக்டர் வந்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்த விதங்கள்தாம் வேறு வேறு. நடந்தது இது. கணவர் இறந்த மறு வருஷம் வெள்ளையம்மாளின் கைக்கு வந்தது நாற்பது ஏக்கர் மானாவாரி நிலமும், எட்டு வயது மகளும், பொன்னுச்சாமி என்ற கொழுந்தனாரும். பொன்னுச்சாமி கெட்ட மனிதர் அல்லர். அண்ணன் நிலம் தரிசாகக் கிடந்தால் அவருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "வர்ற புரட்டாசி ஈரத்துல மதினி உழுது வெதைக்கலேன்னா, நானே உழுதுக்கிடுறேன். பிள்ளைக்குக் கல்யாணம் காச்சி எல்லாம் என் பொறுப்பு" என்றார். கூட்டம் நியாயம் என்றது. அடுத்த வாரம் குரங்கணி அடிவாரத்திலிருந்து போடிக்கு ஏலக்காய் மூட்டை இழுக்க வேண்டுமென்று ஊரிலிருந்த உழவு மாடுகள் அத்தனையையும் அவர் புரட்டாசி முழுவதற்கும் பேசி வைத்துவிட்டார். அதுவும் நியாயம்தான்; ஏலக்காய் காத்திருக்காது. ஒரு முறை பொன்னுச்சாமி கையில் போன நிலம் மகளுக்குத் திரும்பாது என்பது வெள்ளையம்மாளுக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும். அது கூட்டத்தில் பேசப்படவில்லை.

வெள்ளையம்மாள் தமக்குத் தகப்பனார் வழியில் வந்த ஏலத்தோட்டப் பங்கை விற்று ஒரு டிராக்டர் வரவழைத்தார். மதுரைக் கடை ஒன்றின் மூலமாக வந்தது. அம்மையநாயக்கனூர் வரை ரயிலிலும், அங்கிருந்து நான்கு மாட்டு வண்டிகளிலும் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. மாட்டை வேண்டாமென்று சொல்ல வந்த இயந்திரத்தை மாடுகள் அறுபது மைல் இழுத்துக்கொண்டு வந்ததை யாரும் குறிப்பாகக் கவனிக்கவில்லை. கூடவே சவரிமுத்து என்ற டிரைவரும் வந்தார். மோட்டார் பஸ் ஓட்டியவர். டிராக்டரைப் படத்தில் பார்த்திருந்தார்.

பூட்டி நிறுத்த இரண்டு நாள் ஆயிற்று. நான் அது வந்த பெட்டி மேல் உட்கார்ந்து புத்தகத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, சவரிமுத்து முடுக்கினார். பின்சக்கரங்கள் முழு இரும்பு. மண்ணைக் கவ்வ அவற்றில் வரிசையாகப் பற்கள் வைத்து முடுக்க வேண்டும். முதல் நாள் ஒரு சக்கரத்துக்கு எல்லாவற்றையும் திருப்பி மாட்டிவிட்டோம். வெள்ளையம்மாள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "தம்பி, அந்தச் சக்கரம் முன்னால போகும், இந்தச் சக்கரம் பின்னால போகும் போலிருக்கே. வண்டி எங்க போகும்?" என்றார். கழற்றி மாட்டினோம்.

மூன்றாம் நாள் காலை மழை விட்டு, மண் சரியான பதத்தில் இருந்தது. பூசாரி வந்தார். தேங்காய் உடைத்து, சாம்பிராணி காட்டி, வண்டியின் நெற்றி என்று தாம் கருதிய ஒவ்வோர் இடத்திலும் விபூதியைக் குழைத்துப் பட்டை போட்டு, நடுவே சந்தனமும் குங்குமமும் வைத்தார். இயந்திரத்துக்கு எது நெற்றி என்பதில் சாஸ்திரம் தெளிவாக இல்லாததால் பூசாரி குறை வைக்கவில்லை. கணவனை இழந்தவர் நல்ல காரியத்தின் முன்னால் நிற்கக் கூடாதென்று வெள்ளையம்மாள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவருடைய வண்டிக்கு அவர் இல்லாமலே பூஜை நடந்தது.

வண்டி கிளம்பவில்லை. சவரிமுத்து முன்பக்கக் கம்பியைச் சுற்றிச் சுற்றிச் சட்டையைக் கழற்றினார். பெட்ரோல் ஊற்றிக் கிளப்பி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும் என்றது புத்தகம். சூடு சவரிமுத்துக்குத்தான் ஏறியது. பொறி வருகிற பகுதியைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும் என்று வாசித்தேன். துடைத்தார். மறுநாளும் துடைத்தார். அதற்கு மறுநாள் ஊரே துடைத்தது. வண்டி கண்ணாடி போலப் பளபளத்தது. ஒரு இருமல் கூட இல்லை. மேல் மண் வெளுக்கத் தொடங்கியது. பொன்னுச்சாமி வரப்பில் வந்து நின்று, ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு வெள்ளையம்மாள் முதல் முறையாக வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார்.

"டிரைவரே, எல்லாத்தையும் தொடைச்சீகளா?"

"எல்லாத்தையும் தொடைச்சாச்சும்மா."

"அப்ப இந்த மூடிக்குள்ள துன்னூறு மட்டும் எப்படி இருக்கு?"

சவரிமுத்து என்னைப் பார்த்தார். "அது உங்க சாமி சமாச்சாரம்மா. நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். நான் தொடைச்சு, நாளைக்கு ஊர்ல எதாச்சும் ஆச்சுன்னா எனக்கு எதுக்கு வம்பு? அதச் சுத்தித் தொடைச்சேன்."

"நீ ஏன் தம்பி தொடைக்கல?"

நான் பகுத்தறிவைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை பேசியவன். சாமிக்குப் பூசியதை எப்படித் துடைப்பது என்றேன். மூன்று நாளாகச் சவரிமுத்துவும், கடைசியில் ஊரும், அந்த விபூதியைச் சுற்றியே துடைத்திருந்தது. கோளாறு இருந்தது, பொறி பிறக்கும் இடத்தின் மூடியைத் திறந்து பூசாரி உள்ளே போட்டிருந்த பட்டையில். அங்கே பித்தளை பளபளத்ததால் அதையே அவர் மூலஸ்தானமாகக் கொண்டிருந்தார்.

வெள்ளையம்மாள் முந்தானையால் துடைத்தார். துடைத்ததைத் தம் நெற்றியில் பூசிக்கொண்டார். "சாமி வேண்டாம்னா சொல்றேன்? இடம் மாறி உக்காந்திருக்கு, அம்புட்டுத்தான்" என்றார். அவர் சொன்னவற்றுள் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அது.

சவரிமுத்து கம்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். வண்டி வெடித்தது போலக் கிளம்பியது. ஊர் நாய்கள் எல்லாம் குரைத்தன. நான் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் சவரிமுத்து கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோம். கம்பியைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும், இல்லையேல் அது திருப்பி அடிக்கும் என்று பன்னிரண்டாம் பக்கம் சொல்லியிருந்தது. வாசித்தும் காட்டியிருந்தேன். "பஸ்ஸுல பத்து வருஷம் சுத்தியிருக்கேன் சார்" என்று அவரும் பதில் சொல்லியிருந்தார். மணிக்கட்டு முறிந்திருந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள்.

ஆக, ஈரம் இருந்தது, வண்டி இருந்தது, ஓட்டுகிறவர் இல்லை. மறுநாள் விடிந்ததும் வெள்ளையம்மாள் பெரியவர்களைக் களத்துக்கு அழைத்தார். தாமே ஓட்டப் போவதாகச் சொன்னார்.

பொன்னுச்சாமி எழுந்தார். "பொம்பள ஏர் புடிச்சா மழ பேயாது. இது இன்னைக்கு நேத்து வழக்கமில்ல. மதினி வயித்துக்காக ஊர் வயித்துல அடிக்கலாமா?"

"மழைதான் பேஞ்சு முடிஞ்சிருச்சே கொழுந்தனாரே" என்றார் வெள்ளையம்மாள். பெரியவர்கள் பக்கம் திரும்பினார். "ஏர்னா என்ன மாமா? கையில பிடிக்க மேழி உண்டா, இல்லையா?"

"உண்டு" என்றார் மூத்தவர் சின்னக்காளை.

"நுகத்தடி?"

"அது இல்லாம என்னத்த ஏரு?"

"இதுல ரெண்டும் எங்க இருக்குன்னு காட்டுங்க. நான் ஏறல."

ஐந்து பெரியவர்களும் வண்டியைச் சுற்றி வந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய சின்னக்காளை, நியாயம் தவறக் கூடாது என்று, வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினார். எண்ணெய் சொட்டிய மீசையோடு வெளியே வந்து, "இல்லப்பா" என்றார்.

"பின்னால கட்டியிருக்கிறது கலப்பைதான?" என்றார் பொன்னுச்சாமி.

"கலப்பைதான். நான் அதத் தொடல. அதத் தூக்க இறக்க ஒரு கயிறு இருக்கு, கயித்தத்தான் இழுக்கப் போறேன். கயிறு இழுக்கக் கூடாதுன்னா, ஒங்க வீட்ல தண்ணி யாரு எறைக்கிறா?"

கூட்டத்தில் சிரிப்பு வந்தது. சின்னக்காளை மீசையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "இதுக்கு மேழி இல்ல, நுகத்தடி இல்ல. உக்காந்து போறதுக்குப் பலகை இருக்கு. அதனால இது வண்டி. வண்டியில பொம்பள ஏறலாம். பொன்னுச்சாமி, ஒக்காரு."

எனக்கு அன்று இருந்த நிம்மதியை எழுத்தில் சொல்வது கடினம். பொன்னுச்சாமி முகத்திலும் கொஞ்சம் இருந்ததாக எனக்குத் தோன்றியது. அவருக்கும் ஏலக்காய் மூட்டைச் சோலி நிறைய இருந்தது.

வெள்ளையம்மாள் ஏறி உட்கார்ந்தார். கட்டைவிரலை ஒதுக்கி மாடசாமி கம்பியைச் சுற்றினான். கட்டுப் போட்ட கையோடு சவரிமுத்து ஒரு பக்கம் நடந்தார், புத்தகத்தோடு நான் மறு பக்கம். "மிதியம்மா! விடும்மா!" என்று அவர் கத்த, "மெல்ல, அக்கா!" என்று நான் கத்த, "ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு வாங்க, சத்தத்துல வண்டி சொல்றது கேக்க மாட்டேங்குது" என்று வெள்ளையம்மாள் கத்தினார். முதல் உழவுச் சால் கோணல். இரண்டாவது அதைவிடக் கோணல். மூன்றாவது சாலில் நான் புத்தகத்தை மூடினேன். நாற்பது ஏக்கரையும் ஆறு நாளில் முடித்தார். கை சரியானதும் சவரிமுத்து மதுரைக்குப் போய்விட்டார். வேறு டிரைவர் வைக்க நான் சொன்னபோது வெள்ளையம்மாள், "பூசாரிய வண்டிக்குக் கிட்ட விடாத டிரைவரா இருந்தாச் சொல்லு" என்றார். அப்படி ஒருவர் கிடைக்கவில்லை; கடைசிவரை வெள்ளையம்மாளே ஓட்டினார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எந்தக் காரியம் நின்றுபோனாலும், எல்லாரும் கை வைத்த இடத்தை விட்டுவிட்டு, யாரும் கை வைக்காத இடம் எது என்று தேடுகிறேன். பள்ளிக்கூடத்திலும் தேடியிருக்கிறேன், என் வீட்டிலும் தேடியிருக்கிறேன். சில இடங்களில் கண்டுபிடிக்கவும் செய்தேன். துடைக்கும் துணிவுதான் அவருக்கு இருந்த அளவு எனக்கு வரவில்லை.

அந்தப் புரட்டாசியில் நாற்பது ஏக்கரிலும் சோளம் விதைத்தார்கள். அந்த நிலத்தின் பட்டா போன வாரம் மகள் பேருக்கு மாறியது.