மிஸ்ஸியம்மா விட்டுவைத்த இடம்

ஆஸ்பத்திரிக் காவல்காரர் எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து, "மிஸ்ஸியம்மா போயிட்டாக" என்று சொன்னபோது எனக்குப் பாதி முகம்தான் சவரமாகியிருந்தது. அப்படியே ஓடினேன். சவப்பெட்டியருகே நின்ற பாதிரியார் ஜெபத்துக்கு நடுவே என் கன்னத்தையே பார்த்தார். மிஸ்ஸியம்மாவால் எழுந்திருக்க முடிந்திருந்தால், "மாயாண்டி, மிச்சத்த நான் வழிச்சு விடட்டுமா?" என்று கேட்டிருப்பார். ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்த அவர் கையில் பிறந்த பிள்ளை நம் எஸ்டேட்டில் வீட்டுக்கு ஒன்றாவது உண்டு. அவர் வாயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவிலிருந்து வந்தவர் என்றாலும் பூர்வீகம் ஜெர்மனி. பிரசவ அறைச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு தாள் தொங்குமே, நினைவிருக்கிறதா? சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு பறவைகள், நம் மலையில் பூக்காத பூக்கள், நடுவே முறுக்கு பிழிந்தாற்போலக் கறுப்பு எழுத்து. முதல்முறை பார்த்தபோது செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன்.

"அது சாமியில்லய்யா. எங்க பாட்டியோட பாட்டி பொறந்த தாளு."

"அப்பச் சரிதான் மிஸ்ஸி. நாங்களும் அவுகளத்தான கும்பிடுறோம்."

அவர் சிரித்த சிரிப்பில் உள்ளே படுத்திருந்த பிள்ளைத்தாய்ச்சி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் காலத்தில் அவர்கள் பக்கம் சர்க்கார் பதிவு கிடையாதாம். பிள்ளை பிறந்தால் பள்ளிக்கூட வாத்தியார் இப்படி வரைந்து தருவார். தகப்பன் யார், தாய் யார், தாய் யாருடைய மகள், எந்த ஊர், ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நின்றது யார், எல்லாம் அதில் இருக்கும். "கல்யாணமானா பொம்பளைக்குப் பொறந்த வீட்டுப் பேரு போயிரும். கப்பலேறுனா ஊரும் போயிரும். இந்தத் தாளு இல்லன்னா நான் யாரு வழின்னு எனக்கே தெரியாது" என்பார்.

எங்கள் மூத்தவள் பிறந்ததும் அப்படியொன்று வரைந்து தரக் கேட்டேன். அப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று நான் அடுக்கியதும், "பத்து மாசம் சுமந்தது முப்பாட்டனா?" என்றவர், என் மனைவி பேச்சியிடம் திரும்பி, "நீ யாரு மகம்மா?" என்று கேட்டார்.

பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். வேலைக்கு மலையேறி வந்த வழியில், குமுளிக்குக் கீழே, அவளைப் பெற்றவள் காய்ச்சலில் இறந்துபோனாள். கைக்குழந்தையைக் கங்காணி வீட்டம்மா எடுத்து வளர்த்தார். பெற்றவளின் பேரும் ஊரும் யாருக்கும் தெரியாது.

"தாளு வேண்டாம் மிஸ்ஸி. எம் பக்கம் மொட்டையா நிக்கும். நாளைக்கு எம்மக கேப்பா."

ஐந்தாம் வகுப்பு படித்த மேதை நான் உடனே வழி சொன்னேன்: "மீனாட்சின்னு போட்டுருங்க மிஸ்ஸி. யாரு கேக்கப் போறா?"

"தெரிஞ்சத எழுதணும். தெரியாததுக்கு எடம் விடணும்யா. பொய்யப் போட்டா, பின்னால தேடி வர்றவுக அங்கயே நின்னுருவாக."

பல வாரம் தேயிலைக் கொழுந்துக் காட்டில் கிழவிகளிடமெல்லாம் விசாரித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில், 'குமுளி வழியில் இறந்த தாயின் மகள்' என்று எழுதி, வளர்த்தவர் பேரையும் எழுதி, பெற்றவள் பேருக்கு இடம் விட்டார். இருப்பதிலேயே அழகான பறவைகளை அந்த இடத்தைச் சுற்றித்தான் வரைந்தார். அதைப் பார்த்த பிறகுதான் பேச்சி தாளைக் கையில் வாங்கினாள். மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து வேலைக்குப் புது ஆள் வரும்போதெல்லாம் அவள் இன்றும் போய் விசாரிக்கிறாள்.

அடக்கம் முடிந்து வந்ததும் பேச்சி சுவரில் மாட்டியிருந்த மகளின் தாளை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்த எடத்துல மிஸ்ஸியம்மா பேர எழுதிருங்க" என்றாள்.

"பேனாவ பேக்டரியில வச்சுட்டேன்" என்றேன்.

அவள் வற்புறுத்தவில்லை. மறுபடி மாட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

மிஸ்ஸியம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது எழுதாமல் விட்ட அந்த இடம்தான். பேனா என் சட்டைப்பையிலேயே இருந்தது; எழுதிவிட்டால் பேச்சியின் தேடல் அங்கேயே நின்றுவிடும் என்றுதான் எடுக்கவில்லை. பேச்சி சொன்ன பேர்தான் சரியென்று எனக்கும் பட்டது. அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.