நாலு செடியின் நாற்பது படங்கள்

என் மேசையில், கணினித் திரைக்குப் பக்கத்தில், ஒரு முழத்துக்கும் குறைவான காப்பித் தண்டு ஒன்று கிடக்கிறது. நெடுக்காகப் பிளந்தது, அதிலும் ஒரு பாதிதான். வெளிப்பக்கத் தோலில் சாம்பல் வெள்ளையாகப் பாசி திட்டுத் திட்டாகப் படர்ந்திருக்கிறது. உள்பக்கம் வழவழவென்று சுத்தமாக இருக்கிறது. வெட்டிய நாளில் மோர் நிறத்தில் இருந்த மரம் இப்போது பழுப்பேறிவிட்டது. துளை என்று ஒரு ஊசி முனை அளவுகூடக் கிடையாது. அலுவலகத்தில் புதிதாக வந்த ஒருவர் சந்தனமோ என்று மோந்து பார்த்தார். காப்பி என்றேன். வாசமே வரவில்லையே என்று சொல்லி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

அது அத்தையின் தோட்டத்துத் தண்டு. அப்பாவின் தங்கை அவர். ஏற்காடு மலையில் வெள்ளக்கடைக்குச் சற்று உள்ளே தள்ளி, சரிவில், இரண்டு படியாக வெட்டிய நிலம். அதில் நூற்றைம்பது காப்பிச் செடிகள். மாமாவும் அவரும் கல்யாணமான வருஷம் நட்டவை. அந்தத் தோட்டத்தை அத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துக்கொள்வார். மற்ற நாட்களில் பக்கத்து எஸ்டேட்டில் டிரேசிங் வேலை. போரர் என்று மலையில் சொல்லும் பூச்சி காப்பித் தண்டுக்குள் முட்டையிட்டுப் புழுவாகிக் குடைந்துகொண்டே போகும். வெளியே தோலில் லேசாக மேடு தட்டும். வெயில் ஏறி வண்டுகள் வெளிவருவதற்கு முன்னால் பெண்கள் வரிசையாக நடந்து ஒவ்வொரு தண்டையும் கையால் தடவி மேட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த செடியை வேரோடு பிடுங்கி அன்றைக்கே எரித்துவிட வேண்டும். பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றால், வேலையை மேற்பார்க்கும் ரைட்டர் சத்தம் போடுவார். பிளக்கிற நேரத்தில் இன்னும் நாலு செடி பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. பத்தொன்பது வருஷம் அத்தை அப்படியே பழகியவர். பிடுங்கு, குவி, எரி. இந்தப் பழக்கத்தை இங்கே சொல்லி வைக்கிறேன், பின்னால் இது வேண்டியிருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். சேலத்தில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்தபோது, நான் கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன் என்று அத்தை பஸ்ஸில் எல்லோரிடமும் சொன்னாராம். ஒரு வகையில் அது உண்மைதான். தண்டைப் படம் எடுத்தால் போரர் இருக்கிறதா இல்லையா என்று போனிலேயே சொல்லும் ஒரு செயலியை நாங்கள் செய்துகொண்டிருந்தோம். இருந்தால் சிவப்பு வட்டம், இல்லையென்றால் பச்சை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் புரிந்துகொள்ள வேண்டும் என்று அந்த நிறங்களை நான்தான் கேட்டு வாங்கினேன். அத்தையை மனதில் வைத்துத்தான் கேட்டேன்.

இயந்திரம் கற்றுக்கொள்ளப் படங்கள் வேண்டும். நல்ல செடிப் படங்கள் ஆயிரத்து இருநூறு சுலபமாகக் கிடைத்தன, செடிக்கு ஒரு படம் வீதம். நோயுள்ளவைதான் கிடைக்கவில்லை. அத்தையிடம் கேட்டேன். ரைட்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, ஒரு மாதத்தில் நாற்பது படங்கள் அனுப்பினார். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துச் சந்தோஷப்பட்டேன். நாற்பதையும் சேர்த்துக் கற்க விட்டபோது இயந்திரம் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்தது. எந்தப் படத்தைக் காட்டினாலும் நல்ல செடி என்றது. அப்படிச் சொன்னாலே நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரியாகிவிடுகிறதே. பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் ஒரே விடையைக் குறித்துவிட்டுத் தூங்குகிற பையன் மாதிரி. போரர் உள்ள ஒரு செடியைக்கூட அது பிடிக்கவில்லை.

இதற்கு ஒரு வழக்கமான வைத்தியம் உண்டு. குறைவாக உள்ள வகைக்கு அதிக எடை கொடுப்பது. நல்ல செடியைத் தவறாகச் சொன்னால் ஒரு தவறு, நோயுள்ள செடியைத் தவறவிட்டால் முப்பது தவறு என்று இயந்திரத்திடம் சொல்லிவிட வேண்டும். அது பயந்து, அரிதானதைத் தேட ஆரம்பிக்கும். அந்த எடை உள்ளே சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சோதனைகள் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு பக்கம், ஒரு படத்துக்கு எடை மூன்று என்று கொடுப்பது. இன்னொரு பக்கம், எடையே கொடுக்காமல் அதே படத்தை மூன்று தடவை நகலெடுத்துப் போடுவது. இரண்டையும் தனித்தனியாகக் கற்க விட்டால் இரண்டும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எடை மூன்று என்றால், இதையே மூன்று தடவை பார்த்ததாக வைத்துக்கொள் என்றுதான் அர்த்தம். வேறு ஒன்றும் இல்லை. சோதனை தேறியது. ஒதுக்கி வைத்த படங்களில் போரர் உள்ளவற்றையும் இயந்திரம் ஒன்று விடாமல் பிடித்தது. நான் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

செயலி வெளிவருவதற்கு முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைக்குப் போய் அதை அத்தையின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் அவசரம். கீழ்ப்படியில் முதல் செடியைக் காட்டினார், பச்சை. இரண்டாவது, பச்சை. மூன்றாவது சிவப்பு. அத்தை போனை இடுப்பில் செருகிவிட்டு அந்தத் தண்டை மேலிருந்து கீழாக, பிறகு கீழிருந்து மேலாகத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை தடவினார்.

"கைக்கு ஒண்ணும் தட்டுப்படலியே கண்ணு."

"கைக்குத் தெரியாததும் அதுக்குத் தெரியுமுங்க அத்தை" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் இப்போதும் எடுத்துக்கொள்வேன். ஏரிக்கரையில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்த மாமா, அன்று லீவில் இருந்தவர், வரப்பில் உட்கார்ந்தபடி, "மாப்ள சொன்னா ரைட்டரு சொன்ன மாதிரிங்க, புடுங்கு புடுங்கு" என்று கேலி செய்தார். அத்தை சிரிக்கவில்லை. படித்தவன் சொல்கிறான், உள்ளே ஆழமாக இருக்கும்போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கடப்பாரையை எடுத்தார். கீழ்ப்படியில் இருபத்திரண்டு செடிகள் சிவப்பாயின. இருட்டுவதற்குள் பிடுங்கி எரித்தாயிற்று. நானும் சேர்ந்துதான் இழுத்தேன். ஒரே ஒரு தண்டை மட்டும் அத்தை ஒதுக்கி, சாக்கில் சுற்றிக் கொடுத்தார். "உனக்குப் படத்துக்கு ஆவுமில்ல."

புதன்கிழமை சேலத்தில், என் அறையில், உள்பக்கத்தைப் படம் எடுக்கலாம் என்று அதைப் பிளந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. புழு இல்லை, தூள் இல்லை, பாதை இல்லை.

அப்போதே போன் செய்திருக்க வேண்டும். மேல்படியில் எழுபதுக்கு மேல் செடிகள் அப்படியே நின்றுகொண்டிருந்தன. ஆனால் நான் என்ன செய்தேன் என்றால், உறுதிப்படுத்திக்கொண்டு சொல்லலாம் என்று அலுவலகத்துக்குப் போனேன். வியாழன் முழுக்கச் சோதனைகளைத் திரும்ப ஓட்டினேன். எடை மூன்று, நகல் மூன்று, இரண்டும் ஒன்று. எடை சைபர் என்றால் அந்தப் படமே இல்லாததற்குச் சமம், அதுவும் தேறியது. வெள்ளிக்கிழமையும் ஓட்டினேன். எல்லாம் தேறியது, திரை முழுக்கப் பச்சை. கையில் பிளந்து கிடந்த தண்டைவிடத் திரையில் வந்த பச்சையை நான் நம்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு தண்டு விதிவிலக்காக இருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறும்போது அத்தையிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேனே தவிர, அத்தை என்ன செய்துகொண்டிருப்பார் என்று யோசிக்கவில்லை.

மேல்படியில் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. பதினாறு குழிகள். நான் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, போன் சிவப்பு காட்டியவற்றை, வெள்ளிக்கிழமை எஸ்டேட் வேலைக்குப் போகாமல் ஒற்றை ஆளாகப் பிடுங்கியிருக்கிறார். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம், அதனால் சனிக்கிழமையும் வேலைக்குப் போகவில்லை. ஊட்டுக்குள்ள வா சாமி என்று கூப்பிட்டார். நான் உள்ளே போகாமல் வாசலிலேயே பையைத் திறந்து, பிளந்த தண்டின் இரண்டு பாதிகளையும் நீட்டினேன்.

அத்தை வாங்கிப் பார்த்தார். விரலால் உள்பக்கத்தைத் தடவினார். டிரேசிங்கில் தடவுகிற அதே தடவல். மாமா எட்டிப் பார்த்தார். அவருக்கு அன்று கேலி வரவில்லை.

"எப்பப் பொளந்த?" என்று கேட்டார் அத்தை.

"புதன்கிழமைங்க."

அவர் மேல்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தண்டைப் பார்த்தார். அதற்கு மேல் அதைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. அன்றும் இல்லை, இன்றுவரையிலும் இல்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு நான்தான் கேட்டேன், அந்த நாற்பது படங்கள் எந்தெந்தச் செடிகளில் எடுத்தவை என்று. அத்தைக்குக் கேள்வியே புரியவில்லை. நாலு செடிதானே, எல்லைக் கல்லு ஓரத்துல, என்றார். நல்லாப் பாக்கற எஸ்டேட்டுல நாப்பது செடிக்கு எங்க போறது? நீ நொம்பப் படம் வேணுமுன்னு சொன்னியே சாமி, அதான் சுத்திச் சுத்தி எடுத்தேன், காலைல ஒருக்கா, வெயில்ல ஒருக்கா. அந்த நாலையும் பிடுங்காமல் இருக்க ரைட்டரிடம் எவ்வளவு பேச்சு வாங்கினார் என்பதையும் சொன்னார். எனக்காக வாங்கிய பேச்சு.

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. ஒரே செடியைப் பத்துத் தடவை காட்டுவதும், அதற்குப் பத்து எடை கொடுப்பதும் ஒன்றுதான் என்று நானே சோதனை எழுதி, நானே இரண்டு நாள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். என்னிடம் நாற்பது செடிகள் இருக்கவே இல்லை. நாலு செடி, ஒவ்வொன்றும் முந்நூறு செடியின் குரலில் கத்திக்கொண்டு. எடை போட்டால் குரல்தான் பெரிதாகும், ஐந்தாவது செடி வந்துவிடாது. ஒதுக்கி வைத்துச் சோதித்த படங்களும் அதே நாலு செடிகளின் படங்கள்தான். எஸ்டேட்டில் தண்டுகளைத் தேங்காய் நாரால் தேய்த்துச் சுத்தமாக வைப்பார்கள். நல்ல செடிப் படங்கள் எல்லாம் அப்படித் தேய்த்த தண்டுகள்தான். எல்லைக் கல் ஓரம் மட்டும் அந்த வருஷம் தேய்க்காமல் விட்டிருந்தார்கள். இயந்திரம் கற்றுக்கொண்டது போரரை அல்ல, பாசியை. அத்தையின் தோட்டத்தில் தேய்க்க அவருக்கு எங்கே நேரம்?

இதையெல்லாம் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப உம் மிசினுக்கு நாலு செடியத்தான் தெரியும்போல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். நாள் முழுக்க நடந்து வந்தவர், பஸ் போய்விட்டது என்று கேள்விப்பட்டால் எப்படிச் சொல்வாரோ அப்படி. பிறகு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார். விறகு ஈரமாக இருந்தது. கையிலிருந்த தண்டில் ஒரு பாதியை உள்ளே தள்ளினார். அது காய்ந்திருந்ததால் உடனே பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை டீம் லீடரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எடையைக் குறைத்துப் பார்க்கச் சொன்னார். குறைத்தால் பழையபடி எல்லாச் செடியும் நல்ல செடி என்றது. அடுத்த வெர்ஷனில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது ஒரு எண், எனக்கு முப்பத்தெட்டு குழிகள். அந்த முப்பத்தெட்டில் ஒன்றிரண்டில் உண்மையாகவே பூச்சி இருந்திருக்கலாம். பிளந்து பார்த்தது ஒன்றைத்தான், மற்றவை சாம்பல். அடுத்த வாரம் மலையில் மழை பெய்து, மிச்சமிருந்த செடிகள் வெள்ளையாகப் பூத்தன என்று அப்பா சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். எக்ஸ்ரே படங்கள். இங்கேயும் நோயாளிகள் குறைவு, நோயில்லாதவர்கள் அதிகம். இங்கேயும் எடைதான், இங்கேயும் சோதனைகளை நான்தான் எழுதுகிறேன். எத்தனை படம் என்று இவர்கள் சொல்லும்போது, எத்தனை ஆள் என்று கேட்கிறேன். சில சமயம் பதில் வருகிறது. பல சமயம் வருவதில்லை, வேலை அப்படியே நகர்கிறது. நாலாவது தடவை கேட்கும்போது என் குரல் எனக்கே சலிக்கிறது.

போன மாதம் அத்தையைப் பார்க்கப் போனேன். பிடுங்கிய குழிகளில் நட்ட கன்றுகள் முழங்கால் உயரம் வந்திருக்கின்றன. காய்க்க இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும். பழைய செடிகளின் தண்டுகள் எல்லாம் பாசி இல்லாமல் வழவழவென்று இருந்தன. அத்தை தேங்காய் நாரும் கையுமாக நின்றார். எஸ்டேட் வேலையும் முடித்துவிட்டு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன்.

"நீ வர்றேன்னியே கண்ணு. மறுபடி மிசினு கொண்டாந்தீன்னா அது பாசியப் பாத்துப் பயந்துக்காம இருக்கோணுமில்ல."

மிசின் எதுவும் கொண்டுவரவில்லை என்றேன். சரி, உட்காரு என்று சொல்லிவிட்டு, தேய்த்துக்கொண்டிருந்த தண்டை முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவர் வைத்துக் கொடுத்த காப்பியைக் குடிக்கும்போது, இன்னொரு பாதி என் மேசையில் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமையும், அடுப்பில் தள்ளிய பாதி எரிந்து முடிவதற்குள், அதில்தான் எனக்குக் காப்பி வைத்துக் கொடுத்தார்.