நனையக் கூடாத பனிக்கரடி

எனக்கு ஆர்வக்கோளாறு கொஞ்சம் அதிகம். எந்தப் பாடத்தையும் ஒரு கூத்தாக்கினால்தான் திருப்தி. போன ஏப்ரலில், ஆரணி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள், என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பனிக்கரடியின் கஷ்டத்தைக் காட்டக் கிளம்பினேன்.

மீன் கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு ஐஸ் பாளம் வாங்கி, ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் போட்டுக் கொண்டுவந்தேன். பள்ளி வந்து சேர்வதற்குள் என் புடவை பாதி ஈரம். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பாளத்தை மிதக்கவிட்டேன். வடதுருவக் கடல் தயார்!

கரடி ஒரு மாணவியின் உபயம். அவள் வீட்டில் பட்டுத் தறி இருக்கிறது. சாயம் ஏற்றாத வெள்ளைப் பட்டு நூலில் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து, அவளும் அவள் அம்மாவும் உள்ளங்கை அளவு கரடி கட்டியிருந்தார்கள். மூக்குக்கு ஒரு கறுப்பு முடிச்சு. அத்தனை அழகு!

"இத்த நனைக்கக் கூடாது மிஸ். நனைஞ்சா முடியெல்லாம் ஒட்டிக்கும். பிராமிஸ் பண்ணுங்க" என்றாள்.

பண்ணிவிட்டேன். பாளம் உருகிக் கரடி தண்ணீரில் விழுவதுதான் என் பாடமே என்பது அப்போது உறைக்கவில்லை. என் புத்தி அப்படி!

கரடியின் கால் நனையாமலிருக்க ஒரு டிபன் மூடியைப் போட்டு, அதன்மேல் நிறுத்தினேன். "கரடி ஐஸ் மேல நின்னுகினுதான் சீல்னு ஒரு கடல் பிராணியப் பிடிச்சித் தின்னும். வண்டி, ஃபேக்டரியிலேர்ந்து வர்ற புகை பூமிக்குப் போர்வை மாதிரி. ஒரு போர்வை சுகம். பத்து போத்தினா?"

"வேர்க்கும்!"

"பூமிக்கும் அப்படித்தான். ஐஸ் உருகிடும். கரடி நீந்தி நீந்திக் களைச்சிடும், சாப்பாடும் கிடைக்காது."

அதற்குள் பாளம் ஒரு பக்கம் சாய்ந்தது. டிபன் மூடி கரடியோடு விளிம்புவரை வழுக்கியது. வகுப்பே வீலென்று கத்த, பட்டுக்காரி பாய்ந்து வந்தாள். "எடுத்துக்கோடா கண்ணு" என்றேன், பிராமிஸ் நினைவுக்கு வந்து.

கரடியைத் தொட்ட கையை அவளே இழுத்துக்கொண்டாள். "எடுத்துட்டா அதுக்கு வீடு ஏது மிஸ்? ஐஸைக் காப்பாத்துங்க!"

என்ன செய்வதென்று நான் முழிக்க, கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். அவள் அப்பாவுக்குப் பள்ளிச் சுவரை ஒட்டிய ரைஸ் மில்லில் வேலை. "உமியில வைங்க மிஸ். மீன்காரர் ஐஸ் உருகாம இருக்க எங்க மில்லுலதான் உமி வாங்கிகினு போறாரு. ஜல்தி!"

மில்லில் கேட்டுக் குப்பைக் கூடை நிறைய உமி அள்ளிவந்தோம். பாளத்தை அதில் இறக்கப் போனபோது பாதி வகுப்பு குறுக்கே நின்றது.

"போர்வை போத்தாதீங்க! நீங்கதான சூடாகும்னு சொன்னீங்க!"

நான் சிரித்த சிரிப்பில் தலைமையாசிரியரே எட்டிப்பார்த்தார். பிள்ளைகள் என்னை என் பாடத்தாலேயே மடக்கிவிட்டார்களே! மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். "போர்வை தானா சூடு பண்ணாது கண்ணுங்களா. சூடு தாண்டிப் போறதத் தடுக்கும், அவ்ளோதான். வெயில் பூமிக்கு வந்துடுது, அந்தச் சூடு ஜல்தியா வெளிய போக முடியல. அதான் பேஜார். இங்க வெளிய இருக்கிற சூட்ட உமி உள்ள வுடாது."

"அப்ப நல்ல போர்வை!" என்று உமியைக் கொட்டினார்கள். பாளத்துக்குக் கொட்டியது பாதி. என் தலைக்கு மீதி. பாளத்தின் உச்சியில் மூடி, மூடிமேல் கரடி. மணிக்கு மணி கை விட்டுத் தடவிப் பார்த்து, "கீது மிஸ்! கீது!" என்று குதித்தார்கள். அன்று வேறு பாடமே நடக்கவில்லை.

கடைசி மணி அடித்தபோது பாளம் தேங்காய் அளவுக்கு மிஞ்சியிருந்தது. கரடி நனையவில்லை. நான் பெரிய சாதனை செய்துவிட்ட மாதிரி கைதட்டினேன். பட்டுக்காரி கரடியை எடுத்து, அதில் ஒட்டிய உமியை ஊதிவிட்டு, பையில் பத்திரமாக வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"இத்த நான் எடுத்துகினேன். அங்க இருக்கிறதுங்கள யாரு மிஸ் எடுத்துப்பாங்க?"

 வெளியே அவளைக் கூட்டிப்போக வந்த அவள் அப்பா ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அவள் போகாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.