வராத மீன்களின் செதில்

தொண்ணூறுகளின் நடுவில், என் மகளுக்கு ஏழு மாதமானபோது, ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஒரு மாதப் பரீட்சார்த்த வேலை கிடைத்தது. சால்மன் மீன்களின் செதில்களை அளக்கும் வேலை. என் அளவுகள் நம்பத்தக்கவை என்று பட்டால் தொடரலாம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஊரில் நான் வாங்கிய விலங்கியல் பட்டத்தை இந்த நாட்டில் மதித்த முதல் இடம் அது. அதை இழக்க நான் தயாராக இல்லை.

மீன் வளர வளர அதன் செதிலில் வட்டக் கோடுகள் விழும். தீனி தாராளமாகக் கிடைத்த காலத்துக் கோடுகள் விலகி நிற்கும். பசித்த காலத்துக் கோடுகள் நெருங்கிக் கிடக்கும். ஆற்றில் பிறந்த குஞ்சு கடலுக்குப் போன முதல் கோடையில் எவ்வளவு வளர்ந்தது என்பதை, செதிலைத் திரையில் பெரிதாக்கி அளந்து எழுதவேண்டும்.

என்னிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில், பசிபிக் கரையில் சில ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கோடை முடிவில் பிடித்த இளம் மீன்களின் செதில்கள். மற்றதில், அதே ஆண்டு கடலுக்குப் போய், வளர்ந்து, ஆற்றுக்குத் திரும்பிவந்த மீன்களின் செதில்கள். ஒரே கடல், ஒரே கோடை. கோடுகளும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று நினைத்தேன். ஆனால் இளம் மீன்களில் அவை நெருங்கியிருந்தன. திரும்பி வந்தவற்றில் விலகியிருந்தன. மூன்று தரம் அளந்தும் அப்படியேதான்.

பிழை என்னுடையதாகத்தான் இருக்கும். எங்கள் பள்ளிக்கூடச் செய்முறைப் பரீட்சைகளில் வரவேண்டிய விடை முன்பே தெரியும். தராசு வேறு சொன்னால் தராசைத்தான் திருத்துவோம். அந்த வெள்ளிக்கிழமை, இளம் மீன்களில் பதினொன்றின் அளவை அழி ரப்பரால் அழித்து, மற்றப் பெட்டிக்குக் கிட்டவாகக் கூட்டி எழுதிவிட்டு பஸ் ஏறினேன்.

வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அப்பார்ட்மென்ற். பிறம்ரனில் வேலை முடிந்து வந்த கணவர் மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார்.

"என்ன, முகம் ஒருமாதிரிக் கிடக்கு?"

"இஞ்சாருங்கோ, நான் அளவை மாத்திப்போட்டன்."

"எந்த அளவை? பிள்ளையின்ரையோ, மீனின்ரையோ?"

அவர் அப்படிக் கேட்கக் காரணம் இருந்தது. ஊரிலிருந்த அம்மாவுக்கு எழுதும் கடிதங்களில் மகளின் நிறையை அரைக் கிலோ கூட்டித்தான் எழுதுவேன். அவள் சிறிய பிள்ளை. அது எனக்கு ஓயாத பயம்.

"மீனின்ரை."

"மீனுக்குமோ! மீனின்ரை அம்மம்மாவும் கடிதம் பாத்துக்கொண்டோ இருக்கிறா?"

சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. "திங்கக்கிழமை சொன்னா வேலை போயிடும்."

"சொல்லாட்டி?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"உமக்குத் தெரியுமே."

திங்கட்கிழமை ஒரு மணி நேரம் முந்திப் போனேன். பதினொன்றையும் திரும்ப அளந்து, முதலில் வந்த எண்களே வர, அவற்றைப் பேனாவால் எழுதி, எனக்கு மேலதிகாரியான ஆராய்ச்சியாளரிடம் கொண்டுபோய்ச் செய்ததைச் சொன்னேன்.

அந்த அம்மையாரின் முகம் இறுகியது. இனி எந்த எண்ணையும் அழிக்கக்கூடாது, பிழையென்றால் ஒரு கோடு கீறிப் பக்கத்தில் எழுது என்றார். பிறகு இரண்டு பெட்டிகளின் அளவுத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உன் முதல் அளவுகள் சரி, இரண்டு பெட்டியுமே சரி என்றார்.

அவர் விளக்கினார்: நல்ல ஆண்டில் காற்று மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போக, அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே வரும். இளம் மீனுக்குத் தீனி பெருகும். அந்தக் கோடையில் கடலின் மேல்நீர் சூடாகி ஒரு மூடிபோல் நின்றுவிட்டது. பெரும்பாலானவை சரியாக வளரவில்லை. எப்படியோ தீனி கண்டு பெருத்த சில மட்டும் குளிர்காலத்தைத் தாண்டித் திரும்பின. திரும்பி வராத மீனின் செதிலை யார் கொண்டுவந்து தருவார்கள் என்று கேட்டார்.

சிறியவை தாண்டவில்லை. பஸ்ஸில் வரும்போது அதுதான் நெஞ்சில் தைத்தபடி இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து, டொக்டர் மாதாமாதம் நிறை குறிக்கும் மகளின் அட்டையை எடுத்துப் பார்த்தபோது, நான் கவனிக்காமல் விட்டது தெரிந்தது: எண்கள் சிறியவை, ஆனாலும் மாதாமாதம் ஏறிக்கொண்டே இருந்தன. மீன்குஞ்சுக்குக் கடல் கொடுத்தால்தான் உண்டு. என் பிள்ளைக்கு நாங்கள் இருந்தோம்.

அன்று அம்மாவுக்குச் சரியான நிறையை எழுதினேன். முந்தியவை பிழை என்றும் எழுதினேன். பரீட்சார்த்த மாதம் முடிந்த மறுநாள் என் மேசையில் மூன்றாவது பெட்டி இருந்தது.