கோழிப்பண்ணைக்காரரின் தற்காலிக பஸ்

எண்பதுகளின் கடைசியில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங் வேலை பார்த்தேன். தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, எங்கே ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று நாள் முழுக்கக் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும். எட்டரை மணிக்குக் கம்பெனி கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஒரு நிமிடம் பிந்தினாலும் வாட்ச்மேன், "மத்தியானத்துக்கு மேல வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

எங்கள் ஊர் பல்லடத்திலிருந்து குண்டடம் போகும் ரோட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. காலை ஏழு மணிக்கு வந்துகொண்டிருந்த அரசு பஸ்ஸை எடுத்துவிட்டு, அந்த ரூட்டைத் தனியார் ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவர் பஸ்ஸின் முன்னால் மயில் வரைந்து, உள்ளே நாலு ஸ்பீக்கர் வைத்து, முதல் நாள் எல்லாருக்கும் கற்கண்டு கொடுத்தார். மூன்று மாதத்தில் முதலில் பாட்டு நின்றது, பிறகு பஸ் நின்றது. பல்லடத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மயிலைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி நிறுத்தியிருந்தார்கள். முதலாளி எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அரசு பஸ் திரும்பி வரும் வரைக்கும் என்று பக்கத்து ஊர்க் கோழிப்பண்ணைக்காரருக்குத் தற்காலிக பர்மிட் கொடுத்தார்கள். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். கோழி ஏற்றும் லாரி இரண்டு வைத்திருந்தார். அந்தத் தைரியத்தில் பழைய பஸ் ஒன்றை வாங்கி, லாரி டிரைவரை அதில் ஏற்றினார். கண்டக்டர் வேலைக்கு ஆள் சிக்கவில்லை என்று தானே லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, வெள்ளை வேட்டி சட்டையோடு படிக்கட்டில் நின்றார்.

அவர் மாதிரி மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. அதுதான் எங்களுக்கு வினையாகப் போனது. தென்னந்தோப்புக்குள் இருந்து ஒரு பெண், "ஊட்டைப் பூட்டீட்டு வந்தர்றேனுங்க" என்று கையைக் காட்டினால் பஸ் நிற்கும். அவள் பூட்டிவிட்டு வந்து, சாவியை மாட்டுத் தொட்டியில் வைக்க மறந்தேன் என்று திரும்பிப் போனாலும் நிற்கும். நாங்கள் முணுமுணுத்தால், "பாவமுங்க, வந்துட்டுத்தானுங்க இருக்கறாங்க" என்பார். விசில் அவர் சட்டைப் பையிலேயே கிடந்தது.

டிரைவர் அதற்கு மேல். பத்து வருடம் கோழி ஏற்றிய கை. பிரேக்கை வேகமாக அழுத்தினால் கோழிகள் ஒரு மூலையில் குவிந்து மூச்சு முட்டிச் செத்துவிடுமாம். அதனால் எங்களையும் ஒரு மூலையில் குவியாமல்தான் கொண்டுபோனார். பாதி வழியில் வண்டியை நிறுத்தி, இறங்கி, பஸ்ஸைச் சுற்றி வந்து பக்கத் தகரத்தைத் தட்டிப் பார்ப்பார். எதற்கு என்று கேட்டால், "எல்லாம் நல்லா இருக்குதான்னு பாக்கறதுங்க" என்பார்.

ஒரே வாரத்தில் மூன்று நாள் எனக்குக் கேட் சாத்திவிட்டார்கள். மூன்றாவது நாள் மாலை பஸ் ஏறியதும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்கண்ணா, நீங்க விசில் ஊதுவீங்களா மாட்டீங்களா?"

"ஓடி வர்றவங்களப் பாத்துட்டு எப்படிங்க அம்மிணி ஊதறது?"

"அவங்க ஒருத்தருக்காவ நாங்க நாப்பது பேரும் கேட்டுக்கு வெளியில நிக்கோணுமுங்களா?"

அவர் பையிலிருந்து விசிலை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து, என் கையில் கொடுத்தார். "நீங்களே ஊதுங்க. என்னால மனுசர உட்டுப்போட்டுப் போவ முடியாதுங்க."

மறுநாள் ஏழு மணிக்கு நான் படிக்கட்டில் நின்றேன். உள்ளே எல்லாப் பெண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு அடித்து ஒரு நிமிடம் ஆனது. தூரத்தில் ஒருத்தி சோற்றுத் தூக்குப்போசியை ஆட்டியபடி ஓடி வந்தாள். யார் என்று பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். பஸ் கிளம்பியது. கண்ணைத் திறந்தபோது புழுதிக்குள் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தது என் சொந்த அத்தை.

அத்தை இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. என் அப்பாவோடும் பேசவில்லை. ஆனால் மூன்றாவது நாளிலிருந்து ஆறே முக்காலுக்கே வந்து ஸ்டாப்பில் உட்கார்ந்துவிட்டார். ஊரும் அப்படியே பழகியது. எட்டேகாலுக்கு நாங்கள் திருப்பூரில் இறங்கினோம். வாட்ச்மேன் தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

நான் ஊதுவேன், கோழிப்பண்ணை முதலாளி டிக்கெட் கிழிப்பார், டிரைவர் மெதுவாகப் போவார் என்று நாலைந்து மாதம் நன்றாக ஓடியது. சித்திரையில் ஒரு நாள் மட்டும் தகராறு. மாரியம்மன் நோம்பிக்காக மதியமே கம்பெனி விட்டிருந்தது. எல்லாரும் பூ வைத்து, நல்ல சேலை கட்டி வந்திருந்தோம். திரும்பும் வழியில் பல்லடத்தில் பஸ் நின்றது. வெயில் தகித்தது. டிரைவர் இறங்கிப்போய் டீக்கடைத் தொட்டியில் ஒரு பக்கெட் தண்ணீர் மொண்டு வந்து, ஜன்னல் வழியாக எங்கள் மேல் விசிறி அடித்தார். நாங்கள் அலறியும் நிறுத்தாமல் அந்தப் பக்கம் போய் அங்கிருந்தவர்களுக்கும் அடித்தார். அதற்குப் பிறகுதான் பக்கெட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"இந்த எடம் வந்தா தண்ணி அடிச்சே பழக்கமாப் போச்சுங்க," என்றார். "இல்லாட்டி ஊரு சேர்றதுக்குள்ள பாதி போயிருமுங்க."

முதலாளி தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து முதல் சீட்டுக்காரியிடம் நீட்டினார். நாற்பது பேர் துடைக்க ஒரு துண்டு. அத்தைக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பட்டுச் சேலை நனைந்து ஒட்ட, என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த மாதம் பல்லடத்தில் சஃபாரி சட்டை போட்ட ஒருவர் ஏறிப் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தார். நான் எழுந்திருக்கச் சொன்னேன். அவர் என்னையும் கழுத்தில் தொங்கிய விசிலையும் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

"யாரா இருந்தா என்னங்க? எழுதிப் போட்டிருக்குதுல்லங்க, படிக்கத் தெரியுமில்லீங்க?"

எழுந்துகொண்டார். திருப்பூர் வரைக்கும் கம்பியைப் பிடித்து நின்றே வந்தார். வழியில் டிரைவர் இறங்கித் தகரத்தைத் தட்டியதைக் குனிந்து கவனித்தார். பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கிய பிறகு முதலாளியிடம் ஒரு அட்டையைக் காட்டினார். வண்டி சோதிக்கும் அதிகாரி. நான் விசிலை முந்தானைக்குள் மறைத்தேன்.

"கண்டக்டர் யாரு?"

"நானுங்க."

"அப்ப இந்தப் பொண்ணு?"

முதலாளிக்குப் பொய் வராது. "அவங்க ஊதறவங்க," என்றார்.

போகாமல் நின்றுகொண்டிருந்த பெண்கள் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பேச ஆரம்பித்தார்கள். அத்தை முன்னால் வந்து, "இவ எனக்கே நிறுத்துலீங்க சாமி, அத்தனை நேர்மையானவ," என்று சாட்சி சொன்னார்.

"லைசென்ஸ் இல்லாதவங்க கையில விசில் இருக்கக் கூடாது," என்றார் அதிகாரி. "கண்டக்டர்தான் ஊதணும். எங்க, இப்ப ஊதுங்க."

முதலாளி விசிலை வாங்கினார். நாலைந்து முறை மூச்சை இழுத்தார். வந்த சத்தம் கோழிக்குஞ்சு கத்துவதைப் போல இருந்தது. டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதிகாரி வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். தோள் மட்டும் குலுங்கியது. ஒரு எச்சரிக்கைக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எங்களுக்கு அன்று எட்டு ஐம்பது ஆகிவிட்டது. வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

சட்டப்படி நடக்க நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஏழு மணிக்கு நான் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவேன். அவர் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு ஊதுவார். யாரை விட்டுவிட்டு வந்தோம் என்று பல்லடம் தாண்டும் வரை என்னிடம் கேட்க மாட்டார். தாண்டிய பிறகு கேட்பார். நான் சொன்னதும், "அடுத்த பஸ்ஸுல வந்துருவாங்களா?" என்பார். அடுத்த பஸ் பத்து மணிக்குத்தான் என்று அவருக்கும் தெரியும்.

கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து அரசு பஸ் திரும்பி வருகிறது என்று தகவல் வந்தது. கடைசி நாள் அவர் வேகவைத்த முட்டை ஒரு கூடை கொண்டு வந்து ஆளுக்கு இரண்டு கொடுத்தார். "ஏதாச்சும் தப்பா நடந்திருந்தா மனசுல வெச்சுக்காதீங்க," என்று ஒவ்வொரு சீட்டாகப் போய்ச் சொன்னார். டிரைவர் கீழே இறங்கவே இல்லை. ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் மழைத் தூறல். குடையைத் தேடிக்கொண்டு கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினேன். கிளுவை வேலி திரும்பும்போது அரசு பஸ் தெரிந்தது. கையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கண்டக்டர் பையன் என்னை நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டு, ஊதினான்.

நின்ற இடத்திலேயே மணியைப் பார்த்தேன். ஏழு ஒன்று. அவன் மேல் எனக்குக் கோபப்பட வழியில்லை. குடையை விரித்துக்கொண்டு பல்லடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.