ஸ்பார்க் மெஷினும் ஐந்தாவது மனுவும்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் டூல்ரூமில் ஒரு ஸ்பார்க் மெஷின் இருக்கிறது. எப்பேர்ப்பட்ட இரும்பையும் தொடாமலே அரித்துத் துளை போடும். பல வருஷமாக அதில் நான் செய்வதெல்லாம் கதவை மூடிப் பச்சை பட்டனை அமுக்குவதுதான். உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்த்தே தீருவது என்ற வெறியில், படப்பை வாடகை வீட்டின் பால்கனியில் நானே ஒன்று செய்ய ஆரம்பித்தேன்.

பழைய பிரின்டரில் கழற்றிய மோட்டார், கரண்ட்டை மட்டுப்படுத்த இரண்டு குண்டு பல்பு, ஒரு செம்புக் கம்பி, மனைவியின் முறுக்கு டப்பா. டப்பா நிறைய மண்ணெண்ணெய். அதில் மூழ்கிக் கிடக்கும் இரும்பை நோக்கிக் கம்பி இறங்கும். முடியளவு இடைவெளி வந்ததும் பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் இரும்பில் ஒரு துணுக்கைத் தின்னும். எண்ணெய்க்கு அடியில் காற்று கிடையாது, அதனால் தீப்பிடிக்காது. இதை மனைவிக்குப் பொறுமையாக விளக்கினேன். அவள் கேஸ் சிலிண்டரைப் படுக்கை அறைக்கு உருட்டிப் போய்ப் பூட்டு போட்டாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு பழைய அரத்தில் துளை போட்டேன். அரம் அப்படியே இருந்தது. கம்பிதான் ஒரு விரல் அளவு குறைந்திருந்தது. ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன், என் மெஷின் தன்னையே தின்றிருக்கிறது.

“நம்ம பட்டா மாதிரியே கீது,” என்றாள் மனைவி.

சேரப்பணஞ்சேரியில் எங்களுக்கு ஒரு மனை உண்டு. பட்டாவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய புண்ணியவான் என் பெயரையும் அப்பா பெயரையும் இடம் மாற்றிவிட்டார். அரசாங்கத்தைப் பொறுத்தவரை நான் என் அப்பாவுக்கு அப்பா. அது திருந்தாமல் வீட்டு பிளானுக்கு அனுமதி கிடையாது. ஒயரை மாற்ற எனக்கு இரண்டு நிமிஷம் போதுமாக இருந்தது. பட்டாவுக்கு நான்கு மனு கொடுத்தாகிவிட்டது.

ஒயரை மாற்றியதும் மெஷின் ஒழுங்காக அரித்தது, டப்பாவும் சேர்ந்து ஒழுகியது. நனைந்த என் சட்டை வாஷிங் மெஷினுக்குப் போனதில் வீட்டுத் துணி மொத்தமும் மண்ணெண்ணெய் வாசனை. மூன்று தடவை துவைத்தும் போகவில்லை. கீழ்வீட்டு ஓனர் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே வந்தார். “தை மாசத்துக்குள்ள வூட்டக் காலி பண்ணிக்கோ சார்,” என்றார். மெஷினை நான் விடமாட்டேன், மெஷினோடு எங்களை எந்த ஓனரும் சேர்க்கமாட்டார். சொந்த வீடு கட்டியே ஆகவேண்டும் என்று ஐந்தாவது மனுவை எழுதிக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். என் மூக்கு எப்போதோ செத்துவிட்டது. போட்டிருந்த சட்டையும் நாறும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மனு நாளில் வாசலில் போலீஸ் எல்லோருடைய தண்ணீர் பாட்டிலையும் மோந்து பார்ப்பார்கள். நடையாய் நடந்து மனம் விட்டுப்போய், தீக்குளிக்க மண்ணெண்ணெயோடு வந்தவர்கள் உண்டு. என் பாட்டிலை மோந்த பெண் போலீஸ், அடுத்து என்னை மோந்தார். மறு நொடி ஒரு பக்கெட் தண்ணீர் என் தலையில் விழுந்தது.

“இன்னா பிரச்சினையா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்ண்ணே,” என்று இரண்டு பேர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

“சார், நான் வூட்ல ஸ்பார்க் மெஷின் செய்றேன். மண்ணெண்ணெய்க்குள்ள பொறி வரும். ஆனா பத்திக்காது.”

இரண்டாவது பக்கெட்டையும் ஊற்றினார்கள்.

“அப்ப எப்பதான் பத்தும்?” என்று இன்ஸ்பெக்டர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

“வெளிய வந்தா பத்தும் சார்.”

நான் சொன்னது பொறியை. அவர்கள் என்னை வெளியே விடாமல் நேராக உள்ளே கொண்டுபோய், ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். ஒரு அதிகாரி என் ஈர மனுவை விரித்துப் படித்தார். “இதுக்குப் போயா தம்பி?” என்று கண் கலங்கினார். அதுவரை மூன்று தடவை உண்மையைச் சொல்லியிருந்தேன். நாலாவது தடவை வாயைத் திறக்கவில்லை. யாரோ கம்ப்யூட்டரைத் தட்டினார்கள். அரை மணி நேரத்தில் நான் மறுபடியும் என் அப்பாவுக்குப் பிள்ளையானேன்.

திருத்திய பட்டாவோடு, சந்தோஷம் தாங்காமல், சொட்டச் சொட்ட வெளியே வந்தேன். வாசலில் நடந்ததையெல்லாம் பார்த்தபடி வரிசையில் நின்ற ஒரு பெண்மணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“தம்பி, எனுக்கு இது ஒம்போதாவது மனு. எங்க வூட்டுக்காரு செத்த சர்டிபிகேட்ல, செத்தவங்க பேருன்னு எம் பேரப் போட்டுக்கிறாங்க. அடுத்த திங்கக்கெழம இந்தச் சட்டயக் குடுப்பியா? தொவச்சித் தந்துர்றேன்.”

“ஐயோ அக்கா, எதுவும் பண்ணிக்காத!” என்று பதறினேன்.

“நான்தான் பேப்பர்ல ஏற்கெனவே செத்துட்டனே, இன்னும் இன்னா பண்ணிக்கப் போறேன்? வாசன மட்டும் போதும்.”

“ஈரமா இருக்குதேக்கா.”

சட்டையின் ஓரத்தைப் பிடித்து மோந்து பார்த்தாள். “காஞ்சா வாசன பூடுமா?”

கையில் பட்டாவை வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது.

“போகாதுக்கா,” என்றேன். “மூணு தடவ தொவச்சிப் பாத்துட்டோம்.”