ஐந்து பேர் நிற்கும் விதங்கள்

சாக்கு மூட்டைகளில் ஊறிய உப்பு மணமும் ஈர மண்ணின் குளிருமாக இருந்த அந்தக் குழிகளை நாங்கள் "பங்கர்" என்றுதான் சொல்வோம். சண்டைக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எங்கள் வீட்டு வளவில் அப்படி இரண்டு இருந்தன. ஷெல் சத்தம் கேட்டதும் அப்பாவும் தங்கச்சியும் கிணற்றடிக் குழிக்குள்ளும், அம்மாவும் அக்காவும் நானும் சமைக்கிற குசினிக்குப் பின்னால் இருந்ததிலும் இறங்குவோம். "ஐஞ்சு பேரும் ஒண்டாக் கிடக்கப்படாது" என்பது அப்பாவின் கட்டளை. ஏனென்று நாங்கள் கேட்டதில்லை.

பிள்ளைகளே, அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இடம்பெயர்ந்து வந்தவர்களால் பள்ளிக்கூடம் நிரம்பியிருக்க, கணக்கு வாத்தியாரின் மாலை வகுப்பில் உட்கார ஒரேயொரு கதிரைதான் மிச்சம். அது வேண்டுமென்றால் மறுநாள் ஒரு கணக்குக்கு விடை கொண்டுவரச் சொன்னார். ஐந்து பேர் எத்தனை விதமாகக் கூட்டம் சேர்ந்து நிற்கலாம்? யார் யாரோடு என்பது வேண்டாம், எண்ணிக்கை மட்டும்; தனியே நிற்பவரும் ஒரு கூட்டந்தான். ஒன்றும் விடுபடக் கூடாது.

அன்று பின்னேரம் ஷெல் விழத் தொடங்க, அக்கா கணக்கு எழுதும் கொப்பியோடு குழிக்குள் இறங்கினாள். ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரு வரிப் புள்ளிகளாக, இடப்பக்கம் ஒட்டி, ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டாள். ஆறு விதம் வந்தது. எத்தனை தரம் போட்டும் ஆறுதான்.

"ஆறெண்டே குடன் பிள்ளை. வெளியில என்ன நடக்குது, உனக்குக் கணக்கு" என்றார் அம்மா.

"ஏலாது அம்மா. ஒண்டு விடுபட்டாலும் கதிரை போயிடும்."

பக்கவாட்டில் இருந்து எட்டிப் பார்த்த நான், அவள் இரண்டு, ஒன்று, ஒன்று, ஒன்று என்று போட்டிருந்ததை "நாலும் ஒண்டும்" என்று வாசித்தேன்.

"மொக்கா, நேராப் பார்" என்று குட்ட வந்த கை பாதியில் நின்றது. மேலிருந்து கீழாக எண்ணினால் அது நாலும் ஒன்றுந்தான்! எல்லாவற்றையும் அப்படித் திருப்பிப் பார்த்தாள். மூன்றும் இரண்டும் என்பதற்கு இரண்டு, இரண்டு, ஒன்று சோடி. மூன்று, ஒன்று, ஒன்று தனக்குத்தானே சோடி. தனித்தனியாக நின்ற ஐந்து ஒன்றுகளுக்கு மட்டும் பட்டியலில் சோடி இல்லை. திருப்பினால், ஐந்தும் ஒரே வரி.

"ஐஞ்சு பேரும் ஒண்டாயும் நிக்கலாம் அம்மா. எங்களுக்கு அது நினைவே வரேல்லை."

அம்மா கிணற்றடிப் பக்கம் பார்த்தார்.

பெரிய கூட்டத்திலிருந்து படிப்படியாக இறங்கி, ஏழுக்கு மேல் இல்லையென்றும் அக்கா உறுதி செய்துகொண்டாள். மறுநாள் கதிரை அவளுக்குத்தான்.

இப்போது வளவில் குழி இருந்த அடையாளமே இல்லை. தம்பலகாமத்தில் கணக்குப் படிப்பிக்கும் அக்கா, ஒவ்வொரு வருடமும் தன் வகுப்புக்கு இதே கணக்கைக் கொடுப்பாள். ஐந்து பேரும் ஒன்றாக நிற்பதைத்தான் அந்தப் பிள்ளைகள் முதல் வரியில் எழுதுகிறார்களாம்.